பானகம் கரைத்த டிரம்

மருந்து அடிக்கும் நாட்களில் சசிகலா மத்தியானச் சோற்றைத் தொடமாட்டாள். காலையில் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு போவது சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். மாமியார் மூக்கம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன், எஞ்சோறு தொண்டையில எறங்கலியா?" என்று கேட்பாள். "பசிக்கலீங்க அத்தை" என்பதோடு சசிகலா பேச்சை நிறுத்திக்கொள்வாள். பசி இல்லாமல் இல்லை. வாடை தொண்டையிலேயே நின்றுவிடும்.

நெல்லியாளத்துக்கு மேலே இருக்கிற எஸ்டேட் அது. மருந்து அடிக்கும் கூட்டத்துக்கு ஓடையிலிருந்து தண்ணீர் சுமப்பது சசிகலாவின் வேலை. குடம் குடமாகக் கொண்டுவந்து மேட்டில் நிற்கும் நீல டிரம்மில் ஊற்ற வேண்டும். சூப்பர்வைசர் தங்கவேலு கேனைச் சாய்த்து மருந்தை விடுவார். தண்ணீர் திரிந்த பால் மாதிரி வெளுக்கும். கம்பு ஒன்று இருந்தது, அதை வைத்துக் கலக்குவார். அடியில் கட்டி தட்டினால் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவுவார். வெளியே எடுத்த கையைக் கைலியில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, அதே கையால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார்.

மருந்து அடிப்பவர்களில் முத்துராஜ் என்று ஒருவன். பம்ப்பின் நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவான். ஊதிவிட்டுக் காறித் துப்புவான். எச்சில் தேயிலைச் செடியில் நூலாகத் தொங்கிக்கொண்டிருக்கும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று சசிகலா ஓடைப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். பிறகு வாந்தி நின்றுவிட்டது; குமட்டல் மட்டும் நிற்கவில்லை.

கையுறை, முகமூடி, கண்ணாடி, ரப்பர் பூட்ஸ் எல்லாவற்றையும் எஸ்டேட் வாங்கித்தான் வைத்திருந்தது. ஸ்டோரில் அட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. வெளியிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். "இந்த ஏத்தத்துல இதையெல்லாம் மாட்டிக்கிட்டு நடந்தா மூச்சு முட்டிப் போயிரும்" என்பார் தங்கவேலு. அதிலும் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் சோப்புப் போட்டுக் கை கழுவினால் யாருக்கும் மூச்சு முட்டாது. அதையும் யாரும் செய்யவில்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் புது டிரம் ஒன்று வந்தது. பழையதை ஸ்டோருக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டார்கள். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் சசிகலா நினைத்திருந்தாள்.

சித்திரையில் மாரியம்மன் நோம்பி, வருஷத் திருவிழா. எஸ்டேட் கோயில் சிறியதுதான் என்றாலும் அம்மன் சப்பரம் மூன்று டிவிஷனுக்கும் ஏறி இறங்கி உச்சி வெயிலில் திரும்பி வரும். தோள் மாற்றி மாற்றித் தூக்கி வருகிறவர்களுக்கும், கூடவே நடந்து வரும் பெண்டு பிள்ளைகளுக்கும் நாக்கு வறண்டு போயிருக்கும். கோயில் வாசலில் பானகம் கொடுப்பார்கள். வழக்கமாக அதற்குப் பந்தலூரிலிருந்து பித்தளை அண்டாக்கள் வாடகைக்கு வரும். இந்த முறை அண்டாக்கள் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டன. நோம்பிக் கமிட்டித் தலைவராக இருந்ததும் தங்கவேலுதான். "அண்டா இல்லாட்டி என்ன, பாத்திரத்துக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்.

சசிகலா சமையல் பக்கம் வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். சப்பரம் மூன்றாவது டிவிஷனிலிருந்து கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. இடித்த வெல்லத்தின் கடைசிப் பங்கைச் சட்டியில் எடுத்துக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனாள். மேடை ஓரத்தில் கற்களை அடுக்கி அதன்மேல் ஒரு நீல டிரம்மை நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் மஞ்சள் பூசி, வாயில் வேப்பிலை கட்டி, நடுவில் பெரிதாகக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். பார்க்க அதுவே ஒரு சாமி மாதிரி இருந்தது.

வெல்லத்தைக் கொட்டுவதற்காகக் குனிந்தாள். முதலில் எலுமிச்சை வாசம் வந்தது. அதற்குப் பின்னால் சுக்கு, ஏலக்காய். இவை எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, அழுகிய பூண்டில் மண்ணெண்ணெயை ஊற்றியது போன்ற அந்த வாடை மெதுவாக எழுந்து மூக்குக்குள் நுழைந்தது. வேப்பிலையை விலக்கிப் பார்த்தாள். விளிம்பில் உருகிச் சுருங்கிய தழும்பு ஒன்று இருந்தது. எரிகிற பீடியை விளிம்பில் வைத்துவிட்டு முத்துராஜ் மறந்துபோனபோது விழுந்த தழும்பு அது. தினம் பார்த்த தழும்பு.

தங்கவேலு பட்டு வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக மைக்செட்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். சசிகலா அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்ணா, அது நம்ம மருந்து டிரம்மு தானுங்க?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "மெல்லப் பேசு. பழசுதான். நேத்துப் பூரா உக்காந்து கழுவியிருக்கறேன். சோப்புத்தூள் போட்டுத் தேச்சு, புளி போட்டுத் தேச்சு, காலையில மஞ்சத்தண்ணியும் ஊத்தி அலசியாச்சு. இதுக்கு மேல என்ன பண்ணோணுங்கற?"

"வாடை அடிக்குதுங்ணா."

"எனக்கு அடிக்கல."

"உங்களுக்கு எப்படிங்ணா அடிக்கும்? அதுக்குள்ளேயே கைய விட்டுட்டு இருக்கறவரு நீங்க. பிளாஸ்டிக்கு அதைக் குடிச்சு வெச்சிருக்குதுங்க. கழுவுனாப் போகாது. சப்பரம் வர்றதுக்குள்ள வேற பாத்திரத்துல கரைச்சிரலாம். வெல்லம் நான் தட்டித் தாறேன்."

தங்கவேலு நேராக டிரம்முக்குப் போய், சொம்பால் மோந்து, அவள் கண்ணெதிரே அண்ணாந்து குடித்தார். பானகம் மீசையில் வழிந்தது. அதைக் கீழ் உதட்டால் உறிஞ்சிக்கொண்டார். "பாத்துக்க, செத்தா போயிட்டேன்?" என்றார். அந்த மீசையைப் பார்த்துக்கொண்டு நின்ற சசிகலாவுக்கு அவர் பேரில் கோபம்கூட வரவில்லை. எங்கேயாவது போய் முகத்தைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

கமிட்டியில் இன்னொரு பெரியவர் சுப்பண்ணன். ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். உலர்த்திய இலையை ஒரு பிடி எடுத்து முகர்ந்தாலே எங்கே தவறு நடந்தது என்று சொல்லிவிடுவார் என்று பெயர். மேளக்காரர்களுக்கு வெற்றிலை எடுத்து வைத்துக்கொண்டிருந்த அவரிடம் சசிகலா போனாள்.

"ஐயா, ஒருக்கா வந்து பானகத்த மோந்து பாருங்க. வேற ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். மோந்து மட்டும் பாருங்க."

வந்தார். குனிந்தார். அவர் மூக்குத் துவாரம் ஒருமுறை விரிந்து சட்டென்று சுருங்கியதைச் சசிகலா பார்த்தாள். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒன்றுமில்லை.

"ஏலக்காய் கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்றார்.

"ஐயா."

"சாமி காரியத்துல வாய வெச்சுக் கெடுக்காத புள்ள. சப்பரம் வந்துட்டிருக்குது. இப்பப் போய் இதக் கெளப்புனா நோம்பியே நின்னு போயிரும். தங்கவேலு என்ன, வேணும்னா பண்ணுவான்?"

மேளம் பக்கத்தில் கேட்டது. முன்னால் ஓடி வந்த சிலருக்கு அதற்குள் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். சுப்பண்ணனின் பேத்தி ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டு அவரிடம் வந்தாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே டம்ளரைக் கையிலிருந்து வாங்கினார். "உனக்குச் சளி பிடிச்சிருக்குது, ஊட்டுல போய்க் காப்பி குடிச்சுக்கலாம்" என்றார். பிறகு செம்பருத்திச் செடிக்குப் பின்னால் அதைச் சாய்த்து ஊற்றிவிட்டு, டம்ளரை மற்ற டம்ளர்களோடு திரும்ப வைத்தார். வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளை அவர் பார்க்கவில்லை.

சசிகலா அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். டிரம்மின் வாடையைவிட அது அவளைப் புரட்டியது.

வாழை மரம் நட்டுவிட்டு யாரோ கடப்பாரையைப் பந்தல் காலில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவள் அதை எடுத்தாள். எடுப்பதை யாரும் கவனிக்கவில்லை. சப்பரம் வளைவில் தெரிந்துவிட்டதால் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். அடியிலிருந்த கல்லின் சந்தில் கடப்பாரை முனையைச் செருகி, தன் எடை முழுவதையும் அதன்மேல் போட்டாள். கல் நகர்ந்தது. டிரம் ஒரு பக்கமாகச் சரிந்து நின்று யோசிப்பது போலிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

பானகம் மேடையிலிருந்து படிகளில் இறங்கியது. வாசலில் போட்டிருந்த கோலத்தைக் கரைத்துக்கொண்டு ஓடியது. வரிசையில் நின்ற பெண்களின் சேலைக் கரை நனைந்தது. மேளம் அடித்துக்கொண்டு வந்தவர்களின் காலுக்குக் கீழே புகுந்தது. மேளம் நின்றது. அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். டிரம் மட்டும் சரிவில் உருண்டு போய் ஒரு பலா மரத்தில் முட்டியது.

முதலில் சத்தம் போட்டவள் மூக்கம்மாதான். "அடிப்பாவி, சாமிக்கு வெச்சதையாடி" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு நாலு பக்கமிருந்தும் வசவு. தங்கவேலு கையை ஓங்கிக்கொண்டு வந்தார். சப்பரத்தைத் தூக்கியிருந்தவர்கள் இறக்கவும் முடியாமல் நகரவும் முடியாமல் தவித்தார்கள்.

சுப்பண்ணன்தான் நடுவில் வந்தார். கையில் சூடம் எரியும் தட்டு. தங்கவேலுவை ஒரு கையால் விலக்கிவிட்டு, சசிகலாவின் முகத்துக்கு நேரே தட்டைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"ஆத்தா, யாரு வந்திருக்கறீங்க? என்ன கொறை வெச்சுப்போட்டோம், சொல்லுங்க."

கூட்டம் சட்டென்று அடங்கியது. இரண்டு மூன்று பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்கள். மூக்கம்மாவும் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. சாமி வந்து தள்ளியது என்றால் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. மருமகளுக்கு மரியாதைகூட ஏறிவிடும்.

சசிகலாவுக்கும் புரிந்தது. உடம்பை நாலு ஆட்டு ஆட்டி, தலையை விரித்துப் போட்டு, வாடையடிக்குது என்று அம்மன் குரலில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுப்பண்ணனின் கண்கள் அவளை அதற்காகவே கெஞ்சிக்கொண்டிருந்தன. சூடப் புகைக்கு அந்தப் பக்கம் அந்தக் கண்களைப் பார்த்தபோது, சற்று முன்பு செம்பருத்திக்குப் பின்னால் சாய்ந்த டம்ளர் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"சாமி வரலீங்க" என்றாள். "நாந்தான் தள்ளுனேன். நான் சசிகலா. அது தோட்டத்துல மருந்து கலக்குற டிரம்மு. ரெண்டு வருசமா நான்தான் அதுக்குத் தண்ணி ஊத்தறேன். அதுல பானகம் கரைச்சிருக்காங்க. சந்தேகமுன்னா போய் மோந்து பாருங்க. ஐயாவுக்கும் தெரியும். பேத்தி கையில இருந்து டம்ளர வாங்கிக் கீழ ஊத்துனாரு."

யாரும் போய் முகரவில்லை. சுப்பண்ணன் தட்டைத் தாழ்த்திக்கொண்டு, "இவளுக்குப் புத்தி பெரண்டு போச்சு" என்றார், மிகவும் வருத்தமாக.

ஏற்கெனவே குடித்திருந்த பத்துப் பதினைந்து பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருவனுக்கு இரவில் வயிற்றால் போனது. அவன் அன்றைக்குக் கண்டதையெல்லாம் தின்றிருந்தான். தங்கவேலு மறுநாளும் வேலைக்கு வந்தார். "நான் ஒரு சொம்பு குடிச்சேன். எனக்கு என்ன ஆச்சு?" என்று காலையில் பெயர் பதியும் மஸ்டரில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மற்றவர்கள் குடிக்கவில்லை என்பதால்தான் ஒன்றும் ஆகவில்லையா, குடித்திருந்தாலும் ஆகியிருக்காதா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. அது ஒரே வேளையில் கொல்கிற விஷம் என்று அவளும் சொல்லவில்லையே. அதைப் பிள்ளைகள் வாயில் ஊற்றக் கூடாது என்றுதான் சொன்னாள்.

தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அவளோடு பேச்சு நின்றது. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன. மூக்கம்மா அதே வீட்டில் இருந்துகொண்டு சுவரைப் பார்த்துப் பேசினாள். "உப்பு இல்ல" என்பாள் சுவரிடம்.

புருஷன் ரமேஷ் மசினகுடியில் ஒரு ரிசார்ட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவன். நோம்பிக்கு லீவு கிடைக்காமல், அடுத்த வாரம்தான் வந்தான். விஷயம் போனிலேயே அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால், "கோயில்ல போய் ஒரு மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சுது" என்றான்.

"டிரம்மு இன்னும் பலா மரத்தடியிலதான் கெடக்குது. நீங்க போய் மோந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் மன்னிப்புக் கேக்கறேன்."

போனான். மழைத் தூறலில் நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தான். கைகால் கழுவினான். மூக்கைச் சிந்தினான். அப்புறம் மறுபடி கை கழுவினான்.

"வாடை இருக்குதுதான்" என்றான் கடைசியில். "ஆனா…"

மன்னிப்பைப் பற்றி மறுபடி பேசவில்லை. மறுநாள் டீக்கடையில் நாலு பேர் அவள் பெயரை எடுத்தபோதும் பேசவில்லையாம். தலையைக் குனிந்து டீ குடித்துவிட்டுக் கூடலூர் பஸ் ஏறிப் போய்விட்டான். அந்த "ஆனா" வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது பலா மரத்தடியில் டிரம் இல்லை. யாரோ தூக்கிப் போய் எறிந்துவிட்டார்கள் என்று அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி பிள்ளைக் காம்பரா வரைதான். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த ஓட்டுக் கட்டடத்தின் இறவாரத்துக்குக் கீழே, மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டு, டிரம் நின்றது. மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை. விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் மக் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆயா சாந்தாமணி ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாந்தாமணிக்கா, இது இங்க எப்படி வந்துச்சு?"

"சும்மாதான கெடந்துச்சு. கொழா ரெண்டு நாளா வரல. குடிக்கறதுக்கு இல்லடி, அது எனக்குத் தெரியாதா? புள்ளைங்க கை கழுவ, வாய் கொப்பளிக்கத்தான்."

"வாய் கொப்பளிக்க."

"கொப்பளிச்சுத் துப்பீரும்ல."

அப்போதுதான் நடக்கப் பழகிய ஒரு குழந்தை டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்று, வெளிப் பக்கம் வழிந்த தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது. சசிகலா அதை இடுப்பில் தூக்கி, தன் முந்தானையால் அதன் வாயையும் நாக்கையும் துடைத்தாள். குழந்தை வீறிட்டது. சாந்தாமணி அதைப் பார்த்தாள். நோம்பி அன்று அவளும் கூட்டத்தில் நின்றவள்தான்; சத்தம் போட்டவர்களில் ஒருத்தி.

"இத இங்க வாங்கிக்கங்க" என்று குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு சசிகலா வீட்டுக்கு நடந்தாள். கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். தேயிலைக் கட்டையை ஒரே வீச்சில் சீவுகிற கத்தி. டிரம்மைச் சாய்த்துத் தண்ணீரை, பிள்ளைகள் போகாத பக்கம், கீழ்ச் சரிவில் விட்டாள். பிறகு குத்த ஆரம்பித்தாள். பிளாஸ்டிக் வழுக்கியது. டிரம் ஒவ்வொரு குத்துக்கும் உருண்டது. அடியில் குத்த முடியவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு டிரம்மோடு மல்லுக்கட்டுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சாந்தாமணி குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்தாள். டிரம்மின் மறு பக்கத்தைக் காலால் அணைத்துக் கைகளால் பிடித்துக்கொண்டாள். "இப்பக் குத்து" என்றாள். பிடித்துக்கொண்டிருக்கும்போதே முகம் கோணியது. "ஐயே, இதென்னடி, இப்படி நாறுது."

"இத்தன நாளா நாறலியாக்கா?"

"இவ்வளவு கிட்ட வந்ததில்லியே."

அடி, பக்கம் எல்லாம் ஓட்டையான டிரம் எதையும் பிடித்து வைக்க முடியாததாகக் கிடந்தது. அன்றைக்கு இருவரும் சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார்கள்.

எஸ்டேட் பொருளைச் சேதப்படுத்தியதாக ஆபீசில் கூப்பிடுவார்கள் என்று சசிகலா எதிர்பார்த்தாள். கூப்பிட்டார்கள். ஃபீல்டு ஆபீசர் இளம் வயது. அவள் சொன்னதை முழுதும் கேட்டார். நடுவில் ஒருமுறை, "கோயிலுக்கா? எஸ்டேட் டிரம்மா?" என்று தங்கவேலுவைப் பார்த்தார். தங்கவேலு தரையைப் பார்த்தார். ஆபீசர் பேனாவை மூடிவிட்டு, "சரி, நீ போம்மா. இதப்பத்தி வெளியில பேச வேண்டாம்" என்றார்.

அதற்கடுத்த வாரம் வெளியூரிலிருந்து இரண்டு பேர் எஸ்டேட்டைப் பார்வையிட வந்தார்கள். ஸ்டோரில் அட்டைப் பெட்டி திறக்கப்பட்டது. சசிகலா குடத்தோடு மேட்டில் ஏறி வரும்போது பார்த்தாள். தங்கவேலு முழங்கை வரை கையுறை, முகமூடி, கண்ணாடி, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றார். அவர் கையில் அந்த ஓட்டை டிரம். காலியான மருந்துப் பாத்திரங்களை யாரும் திரும்ப உபயோகிக்காதபடி துளையிட்டு அப்புறப்படுத்துவதே எஸ்டேட்டின் வழக்கம் என்று ஃபீல்டு ஆபீசர் விளக்கிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். டிரம்மில் இருந்த மஞ்சளை யாரும் கேட்கவில்லை. சசிகலா குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். வாந்தி எடுத்தால் போட்டோவில் விழுந்துவிடப் போகிறது.

அந்த மழைக்காலத்தில்தான் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வாசல் வழியாக இல்லை, புழக்கடை வழியாக. முதலில் சாந்தாமணி ஒரு கேனோடு வந்தாள். "இதுல தேங்காய் எண்ணெ வெச்சிருந்தேன், பாரு." பிறகு முத்துராஜின் அம்மா. பிறகு குழாயடியில் குடத்தை நகர்த்திக்கொண்டவர்களில் இரண்டு பேர். கேன், பாட்டில், மூடி போட்ட வாளி. எல்லாம் எஸ்டேட் ஸ்டோர் பக்கத்திலிருந்து எப்போதோ வீடு வந்து சேர்ந்தவை. பகலில் அவளோடு பேசாதவர்கள் அவற்றை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து நீட்டினார்கள். சசிகலா முகர்ந்து பார்த்துச் சொன்னாள். இது பரவாயில்லை என்று அவளால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. "வாடையே இல்லாட்டியும் வேண்டாங்க. மூக்குக்குத் தெரியாததும் இருக்கும்" என்பாள். கேட்டுக்கொண்டு போவார்கள். மறுநாள் குழாயடியில் மறுபடி பார்க்காத மாதிரி நிற்பார்கள்.

ஒருநாள் சாயங்காலம் தங்கவேலுவின் மனைவி தேவி வந்தாள். குடைக்குள் ஒரு வெள்ளைக் கேன். மேல் பக்கத்தை அறுத்து வாயகலமாக்கியிருந்தது. கழுத்து வரை கல் உப்பு.

"நான் வந்தது அவருக்குத் தெரியாது" என்றாள்.

சசிகலா கேனைக் கையில் வாங்கினாள். உப்பு கசிந்து கேனின் சுவரோடு ஒட்டியிருந்தது. தங்கவேலு டிரம்மில் சாய்த்து ஊற்றுகிற அதே மருந்துக் கேன்; முகர வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"எத்தன நாளாங்க்கா இதுல வெச்சிருக்கறீங்க?"

"நாளா? வருசக்கணக்கா." தேவி தூணைப் பிடித்துக்கொண்டாள். "இதுல இருந்து எடுத்துத்தான் எல்லாத்துக்கும் போடறேன். இப்பக் கொஞ்ச நாளா அவருக்குக் கை நடுங்குது. டம்ளர் புடிக்க முடியறதில்ல. வேலைக்குப் போறப்போ கைய மடக்கிக் கட்டிக்கிட்டுப் போறாரு. இதனாலயா இருக்குமா?"

"எனக்கு எப்படிங்க்கா தெரியும்? பந்தலூரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. என்ன வேலை செய்யறாருன்னு டாக்டர் கிட்ட மறைக்காமச் சொல்லுங்க. எந்த மருந்துன்னு கேனு மேல எழுதியிருக்கும், அதையும் சொல்லுங்க." சற்று நிறுத்தினாள். "சாயங்காலம் ஊட்டுக்கு வந்தா என்ன பண்ணுவாரு?"

"வந்த ஒடனே சோத்துக்குத்தான் உக்காருவாரு. அந்தத் துணியோடவே."

சசிகலாவுக்கு அந்தக் கையும் மீசையும் கண்முன் வந்தன. அந்தக் கையால் பிசைந்த சோறு. அருவருப்பு மறுபடி மேலேறியது. இந்த முறை அதோடு வேறு ஏதோவும் கலந்திருந்தது. அது என்ன என்று அவள் பார்க்க விரும்பவில்லை.

"குளிச்சுட்டு வந்தாத்தான் சோறுன்னு சொல்லுங்க. அந்தத் துணிய உங்க துணியோட சேக்காதீங்க. தனியா, வெளியில, தனி வாளியில ஊற வெச்சுத் தொவையுங்க."

"சொன்னாக் கேக்க மாட்டாரு. உனக்குத் தெரியாதா."

"கேக்காட்டி சோறு போடாதீங்க."

தேவி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நோம்பி அன்னிக்கு நானும் உன்னத் திட்டுனேன்" என்றாள்.

"தெரியும். கேட்டேன்."

பிறகு சசிகலா உப்பைக் குழி வெட்டிப் புதைத்து, கேனில் கத்தியால் நாலு ஓட்டை போட்டாள். தேவி வெறுங்கையோடு குடையை விரித்தாள்.

"இருங்க" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

மூக்கம்மா வெளியே வந்தாள். அத்தனை நாளும் சுவரைப் பார்த்துப் பேசியவள், தன் உப்பு ஜாடியிலிருந்து இரண்டு கை அள்ளிப் பழைய துணியில் முடிந்து தேவியின் கையில் வைத்தாள். "ராத்திரிச் சமையலுக்கு வேணுமில்ல" என்றாள்.

தேவி மழையில் இறங்கிப் போனாள். அவள் தலை மறைகிற வரை மூக்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "நம்ம ஊட்டுல தவுடு கொட்டி வெச்சிருக்கற வாளி எங்கிருந்து வந்துச்சுன்னு உம்புருசனக் கேளு" என்றாள். "போன வருசம் அவன்தான் எங்கிருந்தோ கொண்டாந்தான்."